வைக்கோலில் வைத்த சீட்டு

குகட்பள்ளி,
டிசம்பர் 26

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். மூட்டுவலி குறைஞ்சிருக்கா? நான் சுகம்.

கிறிஸ்மஸ் ஆராதனையில ஒரு தமாஷ். அவங்கவங்க பலவீனத்தைச் சீட்டில எழுதி, குடிலில் பாலகன் பக்கத்து வைக்கோலில வைக்கச் சொன்னாங்க. யாரும் பிரிக்காம எரிச்சிருவாங்களாம். நானும் வச்சேன். வந்து உட்காருறதுக்குள்ள பாஸ்டர் மைக்கில, "ஆபீஸ் பாத்ரூமில் அழுகிற தம்பி ஜெபசெல்வனைத் திடப்படுத்தும் ஆண்டவரே"ன்னு ஜெபிச்சார். சபையே திரும்பிப் பார்த்துச்சு. சீட்டு மடிச்சபடியே கிடந்தது.

அப்புறம் கேட்டா, "அம்மா ஃபோன் பண்ணாங்க"ன்னு சிரிக்கிறார். உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?

இங்க குளிர். என் பழைய போர்வையை அனுப்புங்க. ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்குது.

அடுத்த வருஷச் சீட்டுக்கு வேற பலவீனம் இருக்கு: எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்லிடுறது.

செல்வன்