இருபதுக்குப் பதினாலு

லூயிஷாம்,
கார்த்திகை 1994

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களோ? பொய் சொல்லாமல் எழுதுங்கோ.

மகள் குடும்பம் பாரிசை விட்டு இங்கே வந்ததை முன்பே எழுதினேன். போன வெள்ளி கோயிலில் சாப்பிடும்போது, மருமகனின் தமையன் தில்லையம்பலம் நம் பேத்தி மதுராவைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கை கணக்குக்கு எத்தினை புள்ளி?"

"இருபதுக்குப் பதினாலு, பெரியப்பா."

"அப்ப நூறுக்கு எழுபதுதானே. என்ரை மகன் இஞ்சை தொண்ணூறுக்குக் குறையிறேல்லை."

பந்தியே சிரித்தது. பிரான்ஸ் வாத்திமாருக்குக் கை இறுக்கம். இருபதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார்களாம். அந்தப் பதினாலோடு அவள்தான் வகுப்பில் முதற்பிள்ளை.

"நீ கணக்குச் சோதினையை மூண்டாந்தரம் எடுக்கேக்கை உன்ரை கொம்மா எங்கடை வீட்டிலை வந்து அழுதவ, தம்பி" என்றேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இதற்காக நீங்கள் யோசிக்க வேண்டாம்.

ஆனால் இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியதை நேற்று வாத்தியார் சொல்லித்தான் மகளுக்கே தெரியும். ஏன் பிள்ளை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மிச்ச நாலும் எங்கை எண்டு பெரியப்பா கேப்பார், அம்மம்மா."

அவனை இந்தச் சென்மத்தில் மன்னிக்கமாட்டேன்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கோ. பெரிய எழுத்தில் எழுதினால் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். சாப்பாட்டை விசாரியுங்கோ, சிநேகிதிகளை விசாரியுங்கோ. புள்ளியை மட்டும் கேட்க வேண்டாம்.

மருமகன் ஷிப்டுக்குப் போகிற வழியில் தபாலில் போட, கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார்.

தவநாயகி