கூப்பிட்ட கை

மாவடிப்பள்ளி
5.6.2005

அன்புத் தங்கை பளீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கொடுத்தனுப்பிய இறால் கிடைத்தது. கூட வந்த செய்திதான் தொண்டையில் நிற்கிறது. நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரருக்கு நீ தமிழ் படிப்பிக்கிறாயாமே.

சுனாமிக்குப் பிறகு, “கடல் வருகுது” என்று பொய்க்கதை பரவி ஊரே ஓடிய நாளை நீ மறந்திருக்கலாம். எனக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. உன் மச்சான் வாகனம் தேடி ஓடியிருந்தார். சனத்துக்குள் நின்று, தனியாக ஜீப்பில் வந்த ஒருவனைக் கை காட்டிக் கூப்பிட்டேன். சிவப்புத் தாடிக்காரன். என்னைப் பார்த்துச் சிரித்து, கையையும் ஆட்டிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை.

அவர்களுக்குத் தமிழ் ஒரு கேடா? அந்த வேலையை விடு. விடாவிட்டால் என் வாசலுக்கு வராதே.

ராத்தா ஹாஜறா

கல்முனை
14.6.2005

அன்புள்ள ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபமாகத்தான் பதில் எழுத இருந்தேன். இன்று வகுப்பில் நடந்ததோடு எல்லாம் போய்விட்டது.

“வா”, “போ” படிப்பித்தேன். “வா” என்று சொல்லிக் கையாலும் காட்டினேன், உள்ளங்கை நிலத்தைப் பார்க்க விரல்களை மடக்கி, நாம் கூப்பிடுகிற மாதிரி. லார்ஸ் என்பவர் எழுந்தார். “ரீச்சர், இது போ இல்லையா?” என்றார். அவருடைய ஊரில் உள்ளங்கையை மேலே திருப்பித்தான் கூப்பிடுவார்களாம். நம்முடையது அவர்களுக்குத் துரத்துகிற கை.

பிறகு பாதி ஆங்கிலத்தில் சொன்னார். கடல் வருகுது என்ற அன்று ஒரு பெண் ரோட்டில் நின்று இப்படிக் காட்டினாளாம். நிற்காதே, தப்பிப் போ என்கிறாள் என்று நினைத்தாராம். நல்ல மனசுக்காரி என்று சிரித்து, நன்றிக்குக் கை ஆட்டினாராம். தொளதொளத்த கறுப்பு ஹபாயாவில் வயிறு தெரியவில்லையாம்.

அவருக்குச் சிவப்புத் தாடி, ராத்தா.

நான் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவ்வளவு பெரிய மனுஷன் மேசையில் தலையை வைத்துவிட்டார்.

உங்கள் பளீலா

மாவடிப்பள்ளி
17.6.2005

பளீலா,

உன் கடிதத்தை மச்சான்தான் வாசித்தார். பாதியில் எழும்பி வெளியே போய்விட்டார். மிச்சத்தை நானே வாசித்தேன்.

அவன் விட்டுவிட்டுப் போனான் என்று நினைத்து, இவ்வளவு நாளும் எப்படியோ இருந்துவிட்டேன். இப்போது சோறு பிசையும்போதும் என் கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. “உன்ட கையிலயும் பிழை இல்ல புள்ள, அவன்ட கண்ணிலயும் பிழை இல்ல” என்கிறார் மச்சான். ஓம் என்கிறேன். மனம் கேட்கிறதா?

வகுப்பை விடாதே. யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே இந்தக் கையைக் காட்டிக் கொடு.

அடுத்த சனிக்கிழமை நீயே இங்கே வந்து என்னை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்த மனிதர் இருந்தால் இருக்கட்டும். எனக்கு வேறு ஒன்றும் கதைக்க வராது. நான் போகச் சொல்லவில்லை, கூப்பிட்டேன் என்று ஒருமுறை அவருக்குச் சொல்ல வேண்டும்.

உன் ராத்தா
ஹாஜறா