லீவில் இருப்பதாக நான் சொன்ன மருமகனுக்கு

அன்பு மருமகன் நிஸாமுக்கு, உங்கள் கப்றுக்குழியில் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும்.

வருகிற வெள்ளியோடு நீங்கள் போய் ஒரு வருடம். மகள் றிஸ்வானா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் பொய்யாகும். பாடசாலையில் படிப்பித்துவிட்டு வருகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு அளவாகக் கதைக்கிறாள். உங்கள் மேசையை மட்டும் யாரும் தொடக் கூடாது.

உங்களை மாப்பிள்ளை கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பார்த்தது ஒன்றைத்தான்: நீங்கள் பொறியியலாளர். நானும் நீர்ப்பாசனத்தில் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் வழக்கப்படி மகளுக்குக் கட்டிய வீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். மூன்றாம் வருடம், ஒரு காலைச் சாப்பாட்டில், வேலையை விட்டுவிட்டுப் பௌதிகவியல் படிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அப்போது வயது முப்பத்து நான்கு.

நான் கோபப்படவில்லை. அதற்கும் தைரியம் வேண்டுமே. “ஏன் மகன்?” என்று மட்டும் கேட்டேன்.

“மாமா, வாய்க்கால்ல தண்ணி அளக்கிற சூத்திரத்தில ஒரு எண் வருமே, அது எங்கிருந்து வந்திச்சு?”

“கைநூல்ல இருந்து.”

“கைநூலுக்கு?”

முப்பது வருடம் அந்த எண்ணை நம்பி மதகு திறந்தவன் நான். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. நீங்கள் சிரித்தீர்கள். “எனக்கும் அதான் மாமா கரச்சல்.”

பிறகு, பள்ளிவாசல் வாசலில் மருமகனைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் “லீவில இரிக்கார்” என்றேன். இரண்டு வருடம் அப்படியே சொன்னேன். ஒருநாள் நீங்கள் பின்னால் நின்று செருப்புப் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டீர்கள்: “லீவு முடிய இன்னும் எத்தின நாள் இரிக்கி மாமா?” பகிடிக்குத்தான் கேட்டீர்களா, மகன்?

இறுதிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்த காய்ச்சல், ஐந்தே நாளில் உங்களைக் கொண்டுபோனது. பாங்கு சொல்லும் மோதினார், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உங்கள் ஜனாஸாவை அறிவிக்க விபரம் எழுதித் தரச் சொன்னார். அழுதுகொண்டே எழுதினேன்; ஆனாலும் எழுத்து ஒழுங்காகத்தான் விழுந்தது. ‘பொறியியலாளர் நிஸாம்.’ கல்முனை முழுக்கக் கேட்டது.

உங்கள் ஜனாஸாவின் பக்கத்தில் இருந்த றிஸ்வானா தலையை நிமிர்த்தினாள். “வாப்பா, மௌத்தான பிறகும் அவர லீவிலயா வெச்சிரிக்கிங்க?”

அந்தக் கேள்வியோடுதான் ஒரு வருடமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் வருட நினைவுக்குக் கத்தம் ஓதுகிறோம். அதற்கும் அறிவித்தல் எழுத வேண்டும். ‘பௌதிகவியல் மாணவர் நிஸாம்’ என்று எழுதினேன். முப்பத்தாறு வயதில் மாணவரா என்று யாரும் சிரிப்பார்களோ என நினைத்துத் தாளை மடித்தேன். விரித்தேன். மறுபடி மடித்தேன். கடைசியில் றிஸ்வானாவிடம் நீட்டினேன்.

வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள். “மோதினார்ட்ட குடுக்க வேணாம். நீங்களே வாசிங்க வாப்பா.”

நாலு பேர் முன்னால் நான் எழுந்து பேசியதே இல்லை. அது உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“ஓம் மகள்” என்றேன்.

ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுகிறேன்; இனி நான் பின்வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிவாங்கியின் முன் நிற்பேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் அந்த மூன்று சொற்களையும் சொல்லி முடிப்பேன். உயிரோடு இருந்தபோது உங்கள் காதுபடச் சொல்லியிருக்க வேண்டியவை அவை. இப்போது கேட்குமா, மகன்?

உங்களை ஊருக்கு அஞ்சி மறைத்த,
றிஸ்வானாவின் வாப்பா,
உங்கள் மாமா.