டப்பாவை அடைத்தவர் உள்ளே உட்கார வேண்டும்

காலையில் ஷெட் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை முகத்தில் அடித்தது. நம் தீவில், இந்தப் புரோத்ராபூர்ப் பக்கம் நல்ல மழை. வராந்தாவில் தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்த சுண்ணாம்புக் குருணைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், நீ பார்ப்பது போலவே. பதம் சரியாக இருந்தது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சேகரை உள்ளே உட்கார வைத்துவிட்டேன்.

விண்கலத்தில் போகிறவர்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பா செய்ய நாம் மூன்று பேரும் கம்பெனி ஆரம்பித்தபோது, படகுத்துறையில் சிரிக்காத ஆளில்லை. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த உன்னை அந்தச் சிரிப்பெல்லாம் என்ன செய்யும்? பழைய கன்டெய்னரைக் காற்றுப் புகாமல் அடைத்து, கண்ணாடி வைத்துச் சோதனை அறையாக்கினாய். ஒரே ஒரு சட்டம் போட்டாய்.

"டப்பாவ அடைச்சவங்கதான் உள்ளுக்குப் போய் குந்தணும். அடுத்தவங்க மூச்சோட வெளையாட ஏலாது."

நீயும் நானும் மாறி மாறி உட்கார்ந்தோம். சேகருக்கு மட்டும் எப்போதும் மெயின்லேண்டில் மீட்டிங்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதும் அவன் உன் வரைபடங்களோடு சென்னைக்குப் போய்த் தனிக் கம்பெனி வைத்தான். யாரோ உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தம்மாவா? ஹெல்பர்" என்றானாம். இவனை விடுவதில்லை என்று கேட்ட அன்றே முடிவு செய்தேன்.

போன மாதம், வாங்கப்போகிறவர்கள் இரண்டு கம்பெனி டப்பாவையும் சோதிக்க வந்தார்கள். ஆள் உட்காரும் அறை நம்மிடம்தானே இருக்கிறது. சேகரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். அவன் டப்பாவைத் திறந்து காட்டியபோதே பார்த்துவிட்டேன்: ஏசி அறையில் காய்ந்து பொடியாகக் கிடந்தது குருணை. ஈரம் இல்லாவிட்டால் அது வாயுவைப் பிடிக்காது. இடமில்லாமல்தான் நீ தட்டுகளை வராந்தாவில் வைத்தாய் என்று நினைத்திருக்கிறான், மடையன். நான் வாயைத் திறக்கவில்லை.

"நம்ம ரூல்தானே சேகர். பைட்டியே," என்று உள்ளே உட்காரச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா?

முதலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். பிறகு காலரைத் தளர்த்தினான். நெற்றியைப் பிடித்துக்கொண்டான். வெளியே கரியமில வாயு மீட்டர் ஏறியது. வாங்க வந்தவர்களோடு வந்திருந்த டாக்டர் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன், கொஞ்சம் மெதுவாகத்தான்.

"டிராயிங்ல இருக்கறபடிதானே செஞ்சேன்! ஏன் வேலை செய்யல?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"ஹெல்பர் இல்லல்ல, அதான்."

வந்தவர்களில் பெரியவர் நிமிர்ந்து, யார் அது என்று இந்தியில் கேட்டார். "ஹெல்பர்? கௌன் ஹெல்பர்?"

நான் சேகரையே பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தபடி உன் பெயரைச் சொன்னான். "டிசைன் அவங்களோடதுதான்," என்றான். காதில் விழவில்லை என்றேன். மறுபடி சொன்னான்.

போதும், விட்டுவிடு என்பாய். விடமாட்டேன். உன் சட்டத்தை மட்டும் காப்பாற்றுகிறேன். அடுத்து, நான் அடைத்த டப்பாவோடு நானே உள்ளே போனேன். கண்ணாடிக்கு வெளியே சேகர் நின்றிருந்தான். சோதனை முடிந்தது என்று டாக்டர் கையசைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவன் பார்க்கப் பார்க்க, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.