சுலோச்சனா ஏறாத பஸ்

12-6-1978, திங்கள்

காலை ஏழேகால் பஸ்ஸில் என் மனைவி பாக்கியமேரியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பதினோராவது ஊசி. இன்னும் ஒன்பது திங்கட்கிழமை பாக்கி.

இந்தப் பஸ் மட்டும் இல்லாவிட்டால் அவளை எப்படி அழைத்துப் போவேன்? மற்ற பஸ்கள் எங்கள் காலனித் திருப்பத்தில் ஆளைக் கண்டால் வேகத்தைக் கூட்டும். இரண்டு மைல் நடந்து உத்திரமேரூர் போய்த்தான் ஏறுவோம். வேதாசலம் இந்தத் தடத்துக்குப் பெர்மிட் கேட்டபோது, "வாத்தியாரே, உங்க திருப்பத்துல நிறுத்தறேன். எனக்காக வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். நூற்று நாற்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்ப் பெர்மிட் விசாரணையில் பேசினேன். சொன்னபடி நிறுத்துகிறார். பஸ்ஸுக்குத் தன் பெண்ணின் பெயரையே வைத்தார், சுலோச்சனா. முப்பது வருடப் பழக்கம். ஊருக்குள் எனக்கு நாற்காலி போடுகிற வீடு அவருடையது ஒன்றுதான்.

15-6-1978, வியாழன்

மனது சரியில்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வேதாசலத்தின் பெண் நின்றிருந்தாள். செங்கல்பட்டில் தையல் வகுப்புக்குப் போகிறாளாம். சுலோச்சனா பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. அவள் ஏறவில்லை. "இன்னாம்மா, உன் பேரை எழுதிக்கினு உனக்காக நிக்குது, ஏறலியா?" என்றேன் விளையாட்டாக. குழந்தை முகம் சிவந்துவிட்டது. "அப்பா இதுல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாரு சார். பின்னாடி வர்ற வண்டியிலதான் போவேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நிறுத்தம் எங்கள் திருப்பம். எங்கள் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது?

16-6-1978

அவர் கூடத்தில் எனக்கு நாற்காலி. அவர் பெண் பக்கத்தில் எங்களுக்கு இடமில்லை. அப்படியானால் அந்த நாற்காலி எதற்கு?

19-6-1978, திங்கள்

நான் நினைத்தது தவறு.

பாக்கியமேரி ஊசி போட்டுக்கொண்டு வரும்வரை டிரைவர் எல்லப்பனோடு டீக்கடையில் நின்றேன். மனத்தாங்கலைச் சொல்லிவிட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அய்யய்யோ, அதுக்கு இல்ல சார். பிரேக்கு சார். ஒரு தபா மிதிச்சா புடிக்கிறதில்ல. மூணு தபா மிதிக்கணும். ஏரிக்கரை எறக்கத்துல கியரைப் போட்டுத்தான் நிறுத்திக்கினு வரேன். போன மாசமே முதலாளி கையில சொன்னேன். மறுநாளே பொண்ணை ஏறாதேன்னுட்டாரு. வண்டியைத்தான் நிறுத்தல."

தீட்டு என்று நினைத்து நான்கு நாள் புழுங்கினேன். இப்போது தோன்றுகிறது, அதுவாகவே இருந்திருக்கலாம். அது பழைய வலி, தாங்கிப் பழகியது. இது? நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்த நூற்று நாற்பது பேர்.

21-6-1978, புதன்

வேதாசலம் வீட்டுக்குப் போனேன். நாற்காலி வந்தது. உட்காரவில்லை.

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். கிணறு வெட்டினவன் முதல் வாளித் தண்ணீரைத் தான் குடித்துக் காட்டுகிறான். சமைத்தவள் உப்புப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறுகிறாள். உங்கள் பஸ்ஸில் நீங்கள் ஏற வேண்டாமா என்று கேட்டேன்.

"வாத்தியாரே, பட்டறைக்காரன் சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும்னு சொல்லிக்கினு கீறான். ஆயுத பூஜைக்குள்ள மாத்திடுவேன்."

"அதுவரைக்கும்?"

"எல்லப்பன் கெட்டிக்காரன்."

"அப்போ சுலோச்சனா ஏறலாமே."

அதில்தான் அவருக்குக் கோபம் வந்தது. "உங்க பையனை உங்க பள்ளிக்கூடத்துலயா படிக்க வெச்சீங்க? செங்கல்பட்டு ஆஸ்டல்ல கொண்டுபோய் விட்டீங்களே! நான் கேட்டேனா?" பிறகு குரலைத் தணித்து, "மேல எழுதிப் போடணுமா, போடுங்க. பெர்மிட் போவும். அப்பறம் எவன் நிறுத்துவான் உங்க திருப்பத்துல?" என்றார்.

பையன் விஷயம் உண்மை. எங்கள் பள்ளியில் கணக்குக்குச் சரியான ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களிடம், "நம்ம பள்ளிக்கு என்ன குறைச்சல்?" என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

26-6-1978, திங்கள்

எழுதவே கூசுகிறது.

இன்று பாக்கியமேரியை மாட்டுவண்டியில் உத்திரமேரூர் அழைத்துப் போய் வேறு பஸ்ஸில் ஏற்றினேன். திருப்பத்தில் கீரைக்கூடையோடு சிட்டம்மாள் நின்றிருந்தாள். "இன்னா சார், வண்டி வர்ற நேரத்துல இந்தாண்ட போறீங்க?" என்றாள். டவுனில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் பாக்கியமேரி காரணம் கேட்டாள். சொன்னேன். மடியில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "அவரு பொண்ணை ஏத்தல. நீங்க பொண்டாட்டியை ஏத்தல. சிட்டம்மாவை ரெண்டு பேருமா சேந்து ஏத்திட்டீங்க" என்றாள்.

சாயங்காலம் திருப்பத்துக்குப் போய் நின்றேன். சிட்டம்மாள் காலிக் கூடையோடு இறங்கியபிறகுதான் மூச்சு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. நிறுத்தம் போய்விடுமே.

2-7-1978, ஞாயிறு

ஜெபம் முடிந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரமாக எனக்குத் தெரியும் என்பதையும், பெர்மிட் போனால் நிறுத்தமும் போகும் என்பதையும் சொன்னேன்.

சிட்டம்மாள்தான் முதலில் பேசினாள். "அதான் மாட்டுவண்டியா?" அதுவே போதும்.

பெரியவர் முனியன் சிரித்தார். "அந்த வண்டி நிறுத்தினாலே நிக்காது. அதை நம்பி நாம இங்க நிக்கிறோம்!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை. கடைசியில் முனியனே வழி சொன்னார். "மனு கினு வாணாம் சார். முதலாளி முன்சீட்டுல குந்தட்டும். அவரு குந்தினா நாமளும் ஏறுவோம்."

3-7-1978, திங்கள்

முப்பத்திரண்டு பேர் நின்றோம். ஒருவரும் ஏறவில்லை. எல்லப்பனிடம் விஷயத்தைச் சொன்னோம். "சொல்லிடறேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

பஸ் ஏறாததால் பாக்கியமேரிக்கு இந்த வாரம் ஊசி இல்லை.

7-7-1978

மூன்று நாளாகப் பஸ்ஸே வரவில்லை.

17-7-1978, திங்கள்

புதுப் பஸ்! சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. முன்சீட்டில் வேதாசலமும் சுலோச்சனாவும். திருப்பத்தில் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, கண்ணைத் தொறந்துட்டீங்க." நானும் நிறையவே பேசினேன். தவறு செய்யாதவர் இல்லை, திருத்திக்கொள்கிறவர்தான் பெரியவர் என்று கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கை தட்டினார்கள். சுலோச்சனா, பாக்கியமேரிக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

5-8-1978, சனி

பழைய மாணவன் வரதன் வீட்டுக் கல்யாணத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிலையத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பஸ். பெயர் வேறு. நம்பர்? இரண்டு வருடம் பார்த்த நம்பர், மறக்குமா?

தென்னேரிப் பக்கம் ஓடுகிறதாம். கண்டக்டரிடம், "யாருதுப்பா வண்டி?" என்றேன். "உத்திரமேரூரு வேதாசலம் முதலாளிது சார்." பிரேக் எப்படி என்று டிரைவரிடம் கேட்டேன். புது ஆள். "மூணு தபா மிதிக்கணும். பழகிப்பூடும் சார்" என்றார்.

"முதலாளி இதுல வருவாரா?"

கண்டக்டர் சிரித்தார். "அவரு வூட்டாளுங்களுக்கு தென்னேரியில இன்னா சார் வேல?"

இரண்டாவது தடவையும் அந்த மனிதருக்கு நானே சாட்சி சொல்லியிருக்கிறேன். கை தட்டலோடு.

6-8-1978, ஞாயிறு

போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதினேன், பஸ் நம்பரோடு. கையெழுத்து என்னுடையது மட்டும். பாக்கியமேரியிடம் படித்துக் காட்டினேன். "நம்ம ஸ்டாப்பை எடுத்துடுவாரே" என்றாள். பிறகு அவளே, "போடுங்க. ஊசி இன்னும் மூணுதானே, நடந்துக்கலாம்" என்றாள்.

7-8-1978, திங்கள்

பாக்கியமேரி சிட்டம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டு வாலாஜாபாத் போய், பச்சைப் பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில் நின்றேன். ஏற வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் நின்று கேட்டார்கள். பலர் என்னை விலக்கிவிட்டு ஏறினார்கள். கண்டக்டர், "யோவ் பெரியவரே, காலங்காத்தால பேஜார் பண்ணாதே" என்று பிடித்துத் தள்ளினார்.

மண்சட்டிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு நைனா? வேற பஸ்காரன் அனுப்பின ஆளா?"

"இந்தப் பஸ்ஸுக்குப் பெர்மிட் வாங்கிக் கொடுத்ததே நான்தான் அம்மா."

"நீ ஏறுவியா இதுல?"

"ஏற மாட்டேன். என் வீட்டுக்காரியையும் ஏற்ற மாட்டேன்."

அவள் படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, கூடையை என் பக்கத்தில் இறக்கி வைத்து, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.