சுண்ணாம்பு காயும்வரை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். அம்மாவுக்கு முட்டி வலி தேவலாம். உன் தம்பி வேலை மாறிவிட்டான், வாய் மட்டும் மாறவில்லை. விஷயத்துக்கு வருகிறேன். நம் விவிலிய ஆய்வு நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் பேச வரச்சொல்லி இயக்குநர் கூப்பிட்டிருக்கிறார் என்று போன கடிதத்தில் துள்ளிக் குதித்தாயே, வராதே கண்ணு. பெற்ற அப்பனே இப்படி எழுதுகிறானே என்று நினைக்காதே, உன் முகத்தைப் பார்க்க நான் எப்படித் தவிக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உணவுக்கூடச் சுவரில் பேராசிரியர்களின் கோப்பைகள் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, இங்கே பாடம் நடத்த வந்தபின் உன் கோப்பையும் அங்கே ஏறியது. நிறுவனம் வாடகை வீட்டில் தொடங்கியபோது பாத்திரம் போதாமல் ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு ஆணி என்று வைத்தார்களாம், பிறகு கட்டடம் வந்தது, நூலகம் வந்தது, ஆணிகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. நான் அங்கே பரிமாறச் சேர்ந்த புதிதில் எபிரேயம் கற்பித்த பெரியவர் ஒருவர், மோசேயின் ஐந்து நூல்களும் முழுக்க மோசே எழுதியவை அல்ல என்று வகுப்பில் சொல்லிவிட்டார். யாரோ திருச்சபை மேலிடத்தில் வத்தி வைத்தார்கள். வெளிநாட்டில் இருந்த மனுஷனை, சும்மா பேசலாம் வாங்க என்று அன்பாகத்தான் அழைத்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தபோது அவருடைய ஆணி காலி, கோப்பையை முன்னமே கழற்றிவிட்டிருந்தார்கள். காபியைக் கண்ணாடி டம்ளரில்தான் ஊற்றிக் கொடுத்தேன். சொன்னதெல்லாம் தவறு என்று கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார், அதற்குப் பிறகு வகுப்பறைப் பக்கமே அவரை விடவில்லை. இன்று அதே பாடத்தை முதலாண்டிலேயே நடத்துகிறார்கள். செத்த பிறகு அவர் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள், கோப்பையை மாட்டவில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார். நூலகத்தில் உட்கார்ந்து உன் கட்டுரையைத்தான் படிக்கிறார், பவுலின் திருமுகத்தில் வரும் அந்தப் பெண் எடுபிடி இல்லை, ஆண்களுக்கு மட்டும் என்று இவர்கள் வைத்திருக்கும் திருத்தொண்டர் பதவியில் இருந்தவள்தான் என்று எழுதினாயே, அதேதான். சாப்பிட வந்தவர், உங்க பொண்ணாமே, ரொம்ப நல்லா எழுதுறாங்க என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே இயக்குநர் கூப்பிட்டு, சுவருக்கு வெள்ளையடிக்கணும், உங்க பொண்ணு கோப்பையை மட்டும் எடுத்து உள்ளே வைங்க என்றார். ஒரே ஒரு கோப்பைக்குப் பின்னால் மட்டும் அழுக்காகிற சுவரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. சரிங்க ஃபாதர் என்றேன்.

இதையெல்லாம் எழுதி அவளைப் பயமுறுத்தாதீங்க என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். நீ பயப்படு, தப்பில்லை. ஆணி போனால் இங்கே உன் வேலை போச்சு, கையெழுத்தும் போட்டுவிட்டால் எழுதியதும் போச்சு. பட்டம் கைக்கு வரும்வரை வெளிநாட்டிலேயே இரு, யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

கோப்பையைக் கழற்றினேனா என்றால், கழற்றினேன். உன்னுடையதை மட்டுமில்லை, இயக்குநருடையது உட்பட அத்தனையையும் கழற்றிவிட்டு, வெள்ளையடிக்கத்தானே சொன்னார் என்று நானே சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். இன்று காலை பேராசிரியர்கள் எல்லோரும் வெறும் சுவரைப் பார்த்தபடி கண்ணாடி டம்ளரில் காபி குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எப்ப மாட்டுவீங்க என்று கேட்ட இயக்குநரின் குரலே சரியில்லை. காய்ந்ததும் மாட்டுறேன் ஃபாதர் என்றேன். இங்கே மழை விட்டபாடில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், அம்மாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன. ஒன்று மறக்காதே, பதிலை நிறுவன முகவரிக்குப் போடாதே, வீட்டுக்கு எழுது. உன் போன கடிதம் என் கைக்கு வரும்போதே உறை பிரிந்திருந்தது.

உன் அப்பா