ராத்திரிச் சோற்றுச் சித்ரான்னா

அக்கா,

இன்றைக்குக் காலையில் பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். எங்கள் தெருவில் இருக்கிற லேடீஸ் பி.ஜி. ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து சித்ரான்னா தாளிக்கிற வாசனை. கடுகு, பச்சை மிளகாய், மஞ்சள், எலுமிச்சை. நல்ல வாசனைதான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலையில் வடித்த சோறா, ராத்திரி மிஞ்சின சோறா?

ஹெப்பகோடியில் நாம் இரண்டு பேரும் சமைத்த பி.ஜி.யில் என்ன வழக்கம்? மிஞ்சின சோற்றை அண்டாவோடு மூடி அடுப்படியிலேயே விட்டுவிடணும். விடிந்தால் அதுதான் சித்ரான்னா. நீ கரண்டியால் நடுவில் தோண்டி என்னிடம் காட்டுவாய். "மேலதான்டி ஆறியிருக்கு. உள்ள பாரு, வெதுவெதுன்னு. கிருமி குடும்பம் நடத்த இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? அட்வான்ஸும் இல்ல, வாடகையும் இல்ல."

ஆஸ்பத்திரி சமையல்கட்டில் பல வருஷம் இருந்தவள் நீ. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி போனதும் ஃபிரிட்ஜில் வைக்கணும், இல்லையென்றால் கொட்டணும் என்று ஓனரிடம் எத்தனை தடவை சொன்னாய்! ஃபிரிட்ஜில் அவர் வீட்டுப் பாலுக்கும் பூவுக்கும்தான் இடம். "நல்லா சூடு பண்ணும்மா, எல்லாக் கிருமியும் செத்துடும்" என்பார். "கிருமி சாகும் சார். அது சோத்துல கக்கி வெச்ச விஷம் சாகாது" என்றாய். அஞ்சாவது வரைக்கும் படித்த எனக்கே புரிந்தது. டிகிரி படித்த அந்த மனுஷனுக்குப் புரியலையாம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிப் பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பவில்லை. சோறு நிறைய மிஞ்சியது. திங்கட்கிழமை அதைச் சாப்பிட்ட பிள்ளைகள் பத்து மணிக்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வாந்தி எடுத்தார்கள். ஒருத்தியை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம்.

சாயந்தரம் ஓனர் எல்லோரையும் ஹாலில் நிறுத்தி உன்னைக் கூப்பிட்டார். "கையைக் காட்டும்மா." காட்டினாய். ஒட்ட வெட்டின நகம். அழுக்கு எங்கே இருந்தது அதில்? "ஒக்கலிபுரத்துச் சேரி ஆளை அடுப்படியில விட்டது என் தப்பு" என்றார். என்ன பேச்சு அது! சமைத்தவள் எந்தத் தெருக்காரி என்று விசாரித்துவிட்டா கிருமி சோற்றில் ஏறுகிறது? அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். என் வேலையும் போய்விடுமே என்ற பயம். நீ ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாய்.

அதற்கப்புறம் எந்த பி.ஜி.யிலும் உன்னை அடுப்படிக்குள் விடவில்லை. எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டார். வீடு பெருக்கியே காலம் தள்ளினாய். கடைசிவரை என்னிடம் அந்தச் சாயந்தரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போன மாசம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பாட்டை ஹோட்டலில் சொல்லியிருந்தாள் உன் மகள். எனக்குப் பரிமாறும்போது மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுல சமைச்சா அந்தப் பழைய பேச்சை எடுப்பாங்க சின்னம்மா. அம்மாவும் மனுஷிதானே, அன்னிக்கு ஏதோ கவனிக்காம விட்டிருப்பாங்க."

நீ பெற்ற பெண்ணே நம்பிவிட்டாள், அக்கா!

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். மூடி வைத்த சோற்றைச் சொன்னேன், நீ தலைதலையாக அடித்துக்கொண்டதைச் சொன்னேன், அவர் காது கொடுக்காததைச் சொன்னேன். "அவ கை சுத்தம். கெட்டது அந்த ஆளோட புத்தி" என்றேன்.

உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இதை ஏன் சின்னம்மா அன்னிக்குச் சொல்லல?"

அந்த ஓனர் மேல் எனக்கிருக்கிற கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம். ஆனால் அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போகிறேன். பச்சைப் பட்டனை அழுத்த விரல் வரமாட்டேன் என்கிறது, அக்கா.